பழைய லேப்டாப்பில், லினக்ஸில், மோட் போட்டுச் சேர்ந்து விளையாட: ஒரு முழுமையான வழிகாட்டி

கோடை விடுமுறைக்குக் காவேரிப்பட்டணத்திலிருந்து அக்கா மகள் தருமபுரிக்கு வந்தபோது, பையில் துணிமணியோடு ஒரு லேப்டாப்பும் வந்தது. அவள் அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அது. “மாமா, இதுல மோட் போட்டு என் ஃபிரண்ட்ஸோட விளையாட முடியுமா? விண்டோஸ் ஆன் ஆகறதுக்குள்ள எனக்குத் தூக்கமே வந்துடுது” என்றாள்.

முடியும். மோட் என்றால் விளையாட்டில் புதுப் பொருளோ வசதியோ சேர்க்கும் கூடுதல் நிரல். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டோம். அந்த ஒரு மாதத்தில் நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் முதல் லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நம் மாவட்டத்தில் பல வீடுகளில் அந்த லேப்டாப் இன்னும் பீரோ மேல் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ‘இதில் ஒன்றும் ஓடாது’ என்று நினைப்பவர்களுக்காகத்தான் இது.

முதலில், எந்த விளையாட்டு?

இதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது. தவறான விளையாட்டில் இறங்கினால் ஒரு மாதம் முழுக்க லேப்டாப்போடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

பிரபலமான மோட் கிளையன்ட்கள் (மோட் போட்டுச் சேர்ந்து விளையாட நம் கணினியில் போடும் நிரல்கள்) பலவும் வேறொரு நிறுவனம் விண்டோஸுக்காகச் செய்த விளையாட்டின் மேல் சவாரி செய்பவை. ஜிடிஏ என்ற விளையாட்டு வரிசைக்கு வந்த ஃபைவ்எம், எம்டிஏ இரண்டும் அப்படித்தான். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நினைவகத்துக்குள் இவை தங்கள் டிஎல்எல் ஃபைலை (விண்டோஸ் நிரல் துண்டு) நுழைத்து, குறிப்பிட்ட இடங்களில் உள்ள கட்டளைகளை மாற்றி எழுதுகின்றன. அடியில் இருக்கும் விளையாட்டே விண்டோஸ் நிரலாக இருப்பதால், மேலே இருக்கும் கிளையன்ட் மட்டும் லினக்ஸுக்கு வந்து பயன் இல்லை. இந்த இரண்டுக்கும் சர்வர் மட்டும் லினக்ஸில் நேரடியாக ஓடுவதற்குக் காரணமும் இதுதான். சர்வருக்கு அந்த விளையாட்டே தேவையில்லை.

சரி, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் ஒயின், புரோட்டான் வழியாக ஓட்டலாமே என்று கேட்கலாம். நல்ல கருவிகள்தான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் புரோட்டானில் டைரக்ட்எக்ஸ் (விண்டோஸின் கிராஃபிக்ஸ் முறை) கட்டளைகளை மாற்றித் தரும் பகுதி, வல்கன் என்ற வேறொரு கிராஃபிக்ஸ் முறையை நம்பியிருக்கிறது. 2011 வாக்கில் வந்த இன்டெல் சாண்டி பிரிட்ஜ் போன்ற சிப்களின் கிராஃபிக்ஸில் வல்கன் கிடையாது. அதோடு மோட் கிளையன்டும், ஏமாற்றுத் தடுப்பு நிரலும் சேர்ந்தால், இன்று ஓடியது அடுத்த அப்டேட்டில் நின்றுவிடலாம். சிறுபிள்ளைகளிடம் கொடுக்கும் லேப்டாப்பில் அந்தத் தொல்லை வேண்டாம்.

ஆகவே மோட் போடும் வசதியே விளையாட்டின் உள்ளே கட்டப்பட்டிருக்க வேண்டும், விளையாட்டும் லினக்ஸுக்கென்றே தொகுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் பொருந்துவது லுவான்டி. முன்பு மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்தது. பின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அஹோலா 2010-இல் தொடங்கியது, 2024 அக்டோபரில் பெயர் மாறியது. பின்னிஷ் மொழியில் ‘படைப்பு’ என்பதற்கான ‘லுவொன்டி’யையும், மோட் எழுதும் ‘லுவா’ மொழியையும் சேர்த்து இந்தப் பெயர். கட்டை கட்டையாக அடுக்கிக் கட்டும் உலகம்தான், ஆனால் இது ஒரே விளையாட்டு அல்ல. அடியில் ஒரு எஞ்சின், அதன் மேல் நமக்குப் பிடித்த விளையாட்டு, அதற்கு மேல் மோட்கள். திறந்த மூல மென்பொருள், ஒரு பைசா கட்ட வேண்டாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, மோட்கள் சர்வர் பக்கம்தான் ஓடுகின்றன என்பது. சேர வருபவர் ஒரு மோட் கூட இன்ஸ்டால் செய்ய வேண்டாம். உள்ளே நுழைந்ததும் பொருள்களின் விவரம், படம், ஒலி எல்லாவற்றையும் சர்வரே அனுப்பிவிடுகிறது. ‘உன்னிடம் எந்தப் பதிப்பு மோட், என்னிடம் எந்தப் பதிப்பு’ என்று போனில் கத்திக்கொண்டிருக்கும் வேலை இல்லை.

லினக்ஸும் லுவான்டியும்

லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பரிந்துரைக்கிறேன். 2 ஜிபி ராமில் ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட முடிந்தால் போடுங்கள். விளையாட்டுக்கு மட்டுமல்ல, அந்த லேப்டாப்புக்கே மறுபிறவி மாதிரி. இன்ஸ்டால் செய்வதற்கு முன் உள்ளே இருக்கும் போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அண்ணனின் மதிப்பெண் பட்டியல் ஸ்கேன் அதில்தான் இருந்தது.

மின்ட்டில் ‘சாஃப்ட்வேர் மேனேஜர்’ திறந்து லுவான்டி என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். இரண்டு வகை தெரியலாம்: ஒன்று மின்ட்டோடு வரும் சிஸ்டம் பேக்கேஜ், மற்றொன்று தனக்கு வேண்டியதையெல்லாம் தனியாக இறக்கிக்கொள்ளும் ஃபிளாட்பேக். சிஸ்டம் பேக்கேஜ் அளவில் சிறியது, ஆனால் பெரும்பாலும் பழைய பதிப்பு, மைன்டெஸ்ட் என்ற பழைய பெயரிலேயே கூட இருக்கும். ஃபிளாட்பேக்கில் புதிய பதிப்பு கிடைக்கும். முதல் முறை மட்டும் ரன்டைம் (அது ஓடத் தேவையான துணை நிரல்கள்) சேர்ந்து பல நூறு எம்பி இறங்கும். மொபைல் டேட்டாவில் இருந்தால் அன்றைய அளவு காலியாகிவிடும், வைஃபை இருக்கும் இடத்தில் செய்யுங்கள். இரண்டுமே லினக்ஸில் நேரடியாக ஓடுபவைதான்.

நான் ஃபிளாட்பேக்கையே எடுத்தேன். விளையாடப்போகும் எல்லோரிடமும் 5-இல் தொடங்கும் பதிப்பு இருந்தால் சேர்ந்து விளையாட முடியும். ஆனால் மிகப் பழைய 5-உம் மிகப் புதிய 5-உம் சேர்ந்தால் சில திரைகள் கோணலாகத் தெரியும். 0.4 வரிசை என்றால் சேரவே முடியாது. ஆண்ட்ராய்டு போனிலும் லுவான்டி உண்டு. லேப்டாப் இல்லாத பிள்ளையும் அதே உலகத்துக்குள் வந்துவிடலாம்.

உலகமும் மோட்களும்

லுவான்டியை முதலில் திறந்ததும் சிலர் குழம்பிவிடுகிறார்கள். உள்ளே விளையாட்டே இருக்காது. 5.8 பதிப்பிலிருந்து எஞ்சின் மட்டும்தான் வருகிறது, விளையாட்டை நாம்தான் இறக்க வேண்டும். ‘கன்டென்ட்’ பக்கத்துக்குப் போய் ஆன்லைன் உள்ளடக்கத்தைப் பார்க்கும் பட்டனை அழுத்துங்கள். கன்டென்ட்டிபி என்ற களஞ்சியம் திறக்கும். அதில் ‘மைன்டெஸ்ட் கேம்’ எடுத்தால் அடித்தளம் மாதிரி எளிமையாக இருக்கும், மோட்களால் நிரப்பிக்கொள்ளலாம். ‘வாக்செலிப்ரே’ எடுத்தால் எல்லாம் தயாராக இருக்கும், ஆனால் பழைய லேப்டாப்புக்குச் சற்று கனம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மைன்டெஸ்ட் கேமுக்காக எழுதிய மோட் பெரும்பாலும் வாக்செலிப்ரேயில் ஓடாது. எந்த விளையாட்டுக்கானது என்று மோட் பக்கத்திலேயே போட்டிருக்கும், பார்த்துவிட்டு இறக்குங்கள்.

நாங்கள் மைன்டெஸ்ட் கேம் எடுத்தோம். ‘ஸ்டார்ட் கேம்’ பக்கத்தில் ‘நியூ’ அழுத்தி உலகத்துக்கு ஒரு பெயர் கொடுங்கள். பிறகு அந்த உலகத்தைத் தேர்ந்தெடுத்து ‘செலக்ட் மோட்ஸ்’ அழுத்தினால், இறக்கி வைத்த மோட்களின் பட்டியல் வரும். இறக்கினால் மட்டும் போதாது, உலகம் ஒவ்வொன்றிலும் டிக் செய்து சேமிக்க வேண்டும். ‘மோட் போட்டும் வரவில்லை’ என்று சொல்பவர்களில் பாதிப்பேர் இங்கேதான் தவறவிடுகிறார்கள்.

தொடங்குவதற்கு நான் சொல்வது இவை: பயிர் வகைகளுக்கு ‘ஃபார்மிங் ரீடூ’, ஆடு மாடு கோழிக்கு ‘மோப்ஸ் ரீடூ’, மின்சுற்று பழக ‘மெசெகான்ஸ்’, ஒருவர் கட்டிய வீட்டை இன்னொருவர் இடிக்காமல் இருக்க ‘ஏரியாஸ்’. மோப்ஸ் ரீடூவைத் தனியாகப் போட்டால் ஒரு கோழி கூட வராது. அது அடிப்படை மட்டும்தான், விலங்குகளுக்கு ‘மோப்ஸ் அனிமல்’ தனியாக வேண்டும். ஒரு மோட் வேறொன்றை நம்பியிருந்தால் அதையும் சேர்த்து இறக்கவா என்று லுவான்டியே கேட்கும், சரி என்று விடுங்கள்.

பத்து மோட்களை ஒரே நேரத்தில் போடாதீர்கள். ஒன்று போடுங்கள், உலகத்தைத் திறந்து பாருங்கள், ஓடினால் அடுத்தது. கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் ஏதாவது உடைந்தால் எது உடைத்தது என்று தேட வேண்டியிருக்காது. விளையாட ஆரம்பித்த பிறகு ஒரு மோடை நீக்கினால், அதன் கட்டைகள் இருந்த இடத்தில் எல்லாம் ‘அன்னோன் நோட்’ என்ற எழுத்துடன் கட்டைகள் நிற்கும். மோடைத் திரும்பப் போட்டால் பழையபடி சரியாகிவிடும்.

உலகம் திறக்காமல் ‘மோட்எரர்’ என்று வந்தால் பயப்படாதீர்கள். எந்த மோட், எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்று அதிலேயே இருக்கும். முழு விவரம் வேண்டுமென்றால் ‘அபவுட்’ பக்கத்தில் பயனர் தரவு ஃபோல்டரைத் திறக்கும் பட்டன் உண்டு. அதற்குள் டீபக் என்ற டெக்ஸ்ட் ஃபைலின் கடைசிப் பகுதியைப் படியுங்கள். விண்டோஸில் எழுதிய சில மோட்கள் லினக்ஸில் படம் காட்டாமல் மக்கர் செய்வதுண்டு. ஃபைல் பெயரில் ஓரிடத்தில் பெரிய எழுத்து, நிரலில் சின்ன எழுத்து என்று இருக்கும். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும், லினக்ஸ் பார்க்காது. ஃபைல் பெயரைத் திருத்தினால் ஓடிவிடும்.

ஆப்பிளை மாம்பழமாக்குவது

இதை ஒரு தனிப் பகுதியாகவே எழுத வேண்டும், ஏனென்றால் அக்கா மகளுக்கு லினக்ஸ் பிடித்துப்போனது இங்கேதான். மைன்டெஸ்ட் கேமில் மரங்களில் ஆப்பிள் தொங்கும். “நம்ம ஊர்ல எங்க மாமா ஆப்பிள் மரம்? மாங்கா தொங்கணும்” என்றாள். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்! இதற்கு ஒரு வரி கூட நிரல் எழுத வேண்டாம்.

பயனர் தரவு ஃபோல்டருக்குள் கேம்ஸ், அதற்குள் மைன்டெஸ்ட் கேம், மோட்ஸ், டீஃபால்ட், டெக்ஸ்சர்ஸ் என்று வரிசையாக உள்ளே போங்கள். ஆப்பிள் படம் ஒரு பிஎன்ஜி ஃபைலாக இருக்கும். அகலம் 16 புள்ளி, உயரம் 16 புள்ளி, அவ்வளவுதான். அதைக் காப்பி செய்யுங்கள், ஃபைல் பெயரை மாற்றாதீர்கள். மீண்டும் பயனர் தரவு ஃபோல்டரின் முதல் மட்டத்துக்கு வந்து, டெக்ஸ்சர்ஸ் ஃபோல்டருக்குள் (இல்லாவிட்டால் உருவாக்குங்கள்) சர்வர் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் செய்யுங்கள். இரண்டு பெயரும் ஆங்கிலச் சின்ன எழுத்தில். காப்பியை அங்கே ஒட்டி, ஜிம்ப் போன்ற வரைகலை நிரலில் திறந்து வரையுங்கள்.

பதினாறு புள்ளியில் மாம்பழம் வரைவது சும்மா இல்லை. அவள் முதலில் வரைந்தது உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. அப்புறம் பெங்களூரா மாம்பழத்தின் மூக்கை நினைத்துக்கொண்டு, கீழே இடப்பக்கம் ஒரு புள்ளியை மட்டும் வெளியே நீட்டினாள். காம்பு ஓரம் பச்சை, நடுவில் மஞ்சள், வெயில் படும் தோளில் இரண்டு புள்ளி வெளிர் மஞ்சள். அவ்வளவுதான், மாங்காய் ஆகிவிட்டது. பின்னணி ஒளி ஊடுருவுவதாகவே இருக்கட்டும், வெள்ளை அடித்துவிட்டால் மரத்தில் வெள்ளைச் சதுரம் தொங்கும். சேமித்துவிட்டு உலகத்தைத் திறந்தால் மரமெல்லாம் மாங்காய்.

அந்த ஃபோல்டரில் இருக்கும் படம் சேர வருபவர்கள் எல்லோருக்கும் தானாகப் போய்விடும். கிருஷ்ணகிரியில் இருக்கும் தோழியின் திரையிலும் மாங்காய்தான் தொங்கும், அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். கையில் எடுத்தால் மட்டும் ‘ஆப்பிள்’ என்றே பெயர் காட்டும். அந்தப் பெயரை மாற்ற லுவாவில் ஒரு சின்ன மோட் எழுத வேண்டும், அது அடுத்த விடுமுறைக்கான வேலை.

பழைய கிராஃபிக்ஸுக்கு ஏற்ற அமைப்பு

விளையாட்டுக்குள் எஃப்5 அழுத்தினால் ஒரு நொடிக்கு எத்தனை பிரேம் என்று தெரியும். 30-க்குக் கீழே போனால் முதலில் குறைக்க வேண்டியது பார்வைத் தூரம். இயல்பாக 190 இருக்கும். அதை 60 அல்லது 80-க்குக் கொண்டுவாருங்கள். விளையாடும்போதே பிளஸ், மைனஸ் விசைகளால் மாற்றலாம். பெரிய வித்தியாசம் தெரிவது இதில்தான். அடுத்து செட்டிங்ஸில் இலைகளை ஊடுருவிப் பார்க்க முடியாத வகைக்கு மாற்றுங்கள், மேகத்தையும் நிழலையும் நிறுத்துங்கள். காட்டுக்குள் போகும்போது வரும் திக்கல் நின்றுவிடும். பிரவுசரை மூடிவிட்டு விளையாடச் சொல்லுங்கள், 2 ஜிபி ராமை அது தனியாகவே தின்றுவிடும்.

சேர்ந்து விளையாடுவது

ஒரே வீட்டில், ஒரே வைஃபையில் என்றால் ஐந்து நிமிட வேலை. ‘ஸ்டார்ட் கேம்’ பக்கத்தில் ‘ஹோஸ்ட் சர்வர்’ டிக் செய்து, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துத் தொடங்குங்கள். பெயர் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு ஆகியவற்றில் மட்டும்தான் இருக்கலாம், 20 எழுத்துக்குள். உலகம் முழுக்க அறிவிக்கும் ‘அனவுன்ஸ்’ டிக்கைத் தொடாதீர்கள். பிள்ளைகளின் உலகம் தெரிந்தவர்களுக்கு மட்டும் இருக்கட்டும்.

தொடங்கியவரின் லேப்டாப்பில் நெட்வொர்க் விவரத்தைப் பார்த்தால் 192.168 என்று தொடங்கும் முகவரி இருக்கும். மற்றவர்கள் ‘ஜாயின் கேம்’ பக்கத்தில் அந்த முகவரியையும், போர்ட் 30000 என்பதையும் போட்டு, முதல் முறை ‘ரிஜிஸ்டர்’, அடுத்த முறையிலிருந்து ‘லாகின்’. முதல் முறை படங்கள் இறங்கச் சிறிது நேரம் ஆகும். அவை சேமித்து வைக்கப்படுவதால் அடுத்த முறை சட்டென்று நுழைந்துவிடலாம். வைஃபை இல்லாவிட்டால் ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டில் எல்லோரும் சேருங்கள். தகவல் அந்தக் கருவிகளுக்குள்ளேயே போய் வருவதால் இன்டர்நெட் டேட்டா செலவாகாது. திருவிழாவுக்கு ஊரில் கூடும்போது நாங்கள் இப்படித்தான் விளையாடுகிறோம்.

சேர முடியாவிட்டால் முதலில் ஃபயர்வாலை (வெளி இணைப்புகளைத் தடுக்கும் காவல் நிரல்) பாருங்கள். மின்ட்டில் அது இயல்பாக அணைந்திருக்கும். போட்டு வைத்திருந்தால் போர்ட் 30000-ஐ யுடிபி என்ற வகையில் திறக்க வேண்டும். நான் பழக்கதோஷத்தில் டிசிபி என்ற மற்ற வகையில் திறந்துவிட்டு ஒரு மாலை முழுக்கத் தேடினேன்.

ஊர் விட்டு ஊர் என்றால் கதை வேறு. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் சுமார் 45 கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு வீட்டு ரவுட்டர்களும் ஒன்றையொன்று நேரடியாக எட்டாது. பல ஃபைபர் இணைப்புகளில் நமக்கென்று தனிப் பொது முகவரி தருவதில்லை, பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கிறார்கள். ரவுட்டரின் ‘வான்’ முகவரி (இணையத்தின் பக்கம் அதற்குக் கிடைத்த முகவரி) 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணிலோ தொடங்கினால் உங்களுடையதும் அப்படித்தான். அப்போது ரவுட்டரில் போர்ட் திறந்து பயன் இல்லை. எனக்கு இது தெரியாமல், கனெக்ஷன் கொடுத்தவரிடம் நான்கு முறை போன் செய்து, நான்கு முறையும் ‘ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்ற பதிலை வாங்கினேன்.

இதற்கு எளிய வழி டெயில்ஸ்கேல், வெவ்வேறு இடத்துக் கணினிகளை ஒரே நெட்வொர்க் போல் இணைக்கும் மென்பொருள். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம், லினக்ஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் உண்டு. இரண்டு பக்கமும் இன்ஸ்டால் செய்து, சர்வர் ஓடும் லேப்டாப்பை மற்றவருடன் பகிர்ந்தால், 100 என்று தொடங்கும் ஒரு தனி முகவரி கிடைக்கும். ‘ஜாயின் கேம்’ பக்கத்தில் அதைப் போட்டால் போதும், ஒரே வீட்டில் இருப்பது போல் சேர்ந்துவிடலாம். கூடுமானவரை சர்வர் லேப்டாப்பை வைஃபையில் விடாமல் கேபிளில் ரவுட்டரோடு இணையுங்கள், திக்கல் குறையும்.

சேர்ந்தபின் ஸ்லாஷ் போட்டு ‘மோட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஓடும் மோட்களின் பட்டியல் வரும். சர்வர் தொடங்கியவர்தான் நிர்வாகி, பறக்கும் உரிமை போன்றவற்றை மற்றவர்களுக்கு அவர் கொடுக்கலாம். ஏரியாஸ் மோடில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மனை அளந்து கொடுத்துவிடுங்கள். நாங்கள் கொடுக்காமல் விட்ட முதல் வாரத்தில் மூன்று சண்டை. சாட்டில் தமிழ் அடிப்பது மட்டும் எனக்கு வருத்தம். எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வசதி இதில் இல்லாததால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. இது சரியாக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதுவரை போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டே விளையாடுகிறார்கள்.

உலகத்தைப் பத்திரப்படுத்த

கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் நிற்கும், ரவுட்டர் நிற்காது. மற்றவர்கள் வெளியே விழுந்தாலும் அவர்கள் கட்டியது போகாது. சர்வர் சில நொடிக்கு ஒருமுறை உலகத்தைச் சேமித்துக்கொண்டே இருக்கும். பேட்டரி செத்துப்போன பழைய லேப்டாப்பை மட்டும் சர்வராக வைக்காதீர்கள்.

வாரம் ஒருமுறை லுவான்டியை முழுவதும் மூடிவிட்டு, பயனர் தரவு ஃபோல்டரில் வேர்ல்ட்ஸ் என்பதற்குள் உங்கள் உலகத்தின் பெயரில் இருக்கும் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்யுங்கள். வரைபடம், ஆட்களின் பை, பாஸ்வேர்ட் எல்லாம் அந்த ஒரு ஃபோல்டரில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது காப்பி செய்தால் தரவு அரைகுறையாகப் போகலாம், அதனால்தான் மூடச் சொல்கிறேன். விடுமுறை முடிந்து அக்கா மகள் காவேரிப்பட்டணம் பஸ் ஏறிய அன்று, அந்த ஃபோல்டரோடு மோட்ஸ், கேம்ஸ், டெக்ஸ்சர்ஸ் என்ற மூன்றையும் சேர்த்து என் கணினியில் ஒட்டினேன். இப்போது சர்வர் என் வீட்டில் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நான்கு பேர் உள்ளே வருகிறார்கள்.